சத்தமில்லாத மோட்டார்

மூத்தவள் ஆசைப்பட்டாள் என்று, அருப்புக்கோட்டை வீட்டுக்கு என் கணவர் இரண்டு கடல் மீன்களோடு ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி வாங்கி வந்தார். தண்ணீரைச் சுத்தம் செய்யும் மோட்டாரின் இரைச்சலில் கைக்குழந்தை தூங்காமல் அழுதான்.

"பிள்ளை தூங்க வேண்டாமா? சத்தமில்லாததா மாத்திட்டு வாங்க."

"சத்தம் கேட்டாத்தான் ஓடுறது தெரியும்னு கடைக்காரரு சொல்லித்தான் விட்டாரு."

நான் விடவில்லை. மதுரைக்குப் போய் மாற்றி வந்தார். வீடு அமைதியானது, குழந்தை தூங்கினான்.

வெயிலில் தொட்டித் தண்ணீர் வற்றும்போதெல்லாம், கடல் மீன்தானே என்று எங்கள் போர்வெல் உப்புத் தண்ணீரையே ஊற்றி வந்தேன். ஒருநாள் பள்ளி விட்டு வந்த மகள் கத்தினாள்.

"அம்மா, மீனு ரெண்டும் செத்து மெதக்குது!"

மோட்டாரைக் கழற்றினேன். உள்ளே உப்பு சுண்ணாம்பாக இறுகியிருந்தது. அது எப்போதோ நின்றுபோயிருந்தது.

"எப்பம்மா நின்னுச்சு? நீ வீட்டுலதான இருந்த?"

ஓடியபோதும் நின்றபோதும் அது எனக்கு ஒரே மாதிரிதான் இருந்தது.

அதன்பிறகு, தொட்டிலில் மகன் சத்தமில்லாமல் தூங்கினால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். அவன் விழித்து வீறிட்டு அழும்போதுதான் எனக்கு மூச்சு வருகிறது.