உபதேசியாரின் டோலக்கும் சுந்தரம்மாவின் பாட்டும்

எங்கள் தோட்டத்து உபதேசியார் நல்லையாவின் கண்ணில் பட்டதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமாகிவிடும். செருப்பு வார் அறுந்தால் அது மனந்திரும்பாத மனிதன். யட்டவத்த பஸ் வழியில் நின்றுவிட்டால் அது ஜெபம் இல்லாத வீடு. விடியற்காலையில் இறப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார். சிரட்டையில் பால் சொட்டுவதை வைத்தே இரண்டு பிரசங்கம் செய்திருக்கிறார். போதகர் மாத்தளையிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் நாங்கள் நல்லையாவிடம் அகப்பட்டுக்கொள்வோம்.

"இந்தக் கிழமை என்னத்தப் பார்த்தாராம்?" என்று சனிக்கிழமை தண்ணீர் விழும் பீலியில் துணி துவைக்கும்போதே அவர் மனைவி கமலாட்சியிடம் கேட்பார்கள்.

"பல்லி. அரை மணி நேரமா சுவத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. நாளைக்கு அதுதான் நமக்கு," என்பாள்.

ஆனாலும் நல்ல மனிதர். எண்பத்தொன்பது கலவரத்தில் வாசலுக்கு வரவே ஆட்கள் பயந்த நாட்களிலும் தோட்டத்து வீடுகளுக்கு லயம் லயமாகப் போய் ஜெபித்தவர். அவரிடம் இருந்த ஒரே குறை டோலக். ஆராதனையில் அதை அவர்தான் வாசிப்பார். வாசிப்பார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கூரைத் தகரம் அதிரும்.

அந்த அடியெல்லாம் விழுந்தது சுந்தரம்மாவின் பாட்டின் மேல். இறப்பர் பதப்படுத்தும் ஸ்டோரில் வேலை செய்த பெண். மெல்லிய குரல், ஆனால் கேட்டால் மனம் அசையும். கேட்டால்தானே! இயேசு பிறந்த நத்தார் நாளில் இரண்டு வருடம் தனியாகப் பாடினாள். இரண்டு முறையும் டோலக்தான் கேட்டது. இரண்டாம் வருடம் அவளுடைய அம்மாவே, "ஏன்டி, பாடாம வாய மட்டும் அசைச்ச?" என்று கேட்டுவிட்டாள்.

தொண்ணூற்றிரண்டில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை மாதம் மாத்தளைக்கு அப்பால் இருக்கும் நாலந்தாவுக்குப் போகிறாள்.

"இதுதான் இங்க எனக்குக் கடைசி நத்தார்க்கா. ஒரு தடவையாவது எங்கம்மா காதுல விழணும்," என்றாள் என்னிடம்.

உபதேசியாரிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. மனம் நோகும் என்று பயம்.

கார்த்திகை மாதம் மாத்தளையில் ஒரு மண்டபத்தில் கிறிஸ்தவ இசை நிகழ்ச்சி. கொழும்பிலிருந்து குழு வந்திருந்தது. காலம் அப்படி என்பதால் பொழுது சாய்வதற்குள் முடிக்க மதியம் இரண்டு மணிக்கே தொடங்கினார்கள். கமலாட்சி, சுந்தரம்மா உட்பட நாங்கள் ஆறு பேர் போனோம். நல்லையா கொப்பியும் பென்சிலுமாக முன்னால் உட்கார்ந்தார். கிட்டார்க்காரர் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்த்தார், நல்லையா எழுதினார். மைக் கீச்சிட்டது, அதையும் எழுதினார்.

மூன்றாவது பாட்டின் நடுவில் கரண்டு போய்விட்டது. ஸ்பீக்கர், கீபோர்ட், கிட்டார் எல்லாம் ஒரே நொடியில் ஊமையாகின. பாடிக்கொண்டிருந்த பெண் மட்டும் நிறுத்தவில்லை. மேளக்காரர் அவளை ஒருமுறை பார்த்தார். அடியைக் குறைத்தார், பிறகு விரலால் மட்டும் தட்டினார், பிறகு இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் குரல் கடைசி வரிசை வரை வந்தது.

சுந்தரம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். முன்னால் நல்லையா பக்கம் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருந்தார்.

"எழுதிட்டாருக்கா! இனி விளங்கிரும்," என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஞாயிறு வந்தது. பிரசங்கம் ஐம்பது நிமிடம். சுருதி சேர்ப்பது நம்மை நாமே சோதிப்பது. கரண்டு பரிசுத்த ஆவி. மேடைக்குப் பின்னால் கிடந்த வயர் மறைவில் ஜெபிக்கிறவர்கள். மண்டபத்து வாசலில் கூவிக்கொண்டிருந்த கடலைக்காரன் உலகம். மேளக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முடிவுப் பாட்டுக்கு, நிகழ்ச்சி தந்த உற்சாகத்தில், வழக்கத்தைவிடப் பலமாக அடித்தார். சுந்தரம்மா பாட்டுக் கொப்பியை மூடிவிட்டாள்.

கமலாட்சி அதைப் பார்த்துவிட்டாள். தேவாலயத்து வாசலிலேயே அவரை நிறுத்தினாள்.

"இந்தாங்க, கடலக்காரனக்கூட விடாம எழுதியிருக்கீங்களே, மேளக்காரர் கையப் பார்க்கலியா?"

"எந்தக் கை?"

"அந்தப் புள்ள குரல் கேட்கணும்னு எடுத்து மடியில வச்சுக்கிட்டாரே, அந்தக் கை. நம்ம சுந்தரம்மாவும் ரெண்டு வருசமா பாடுது. எப்பவாவது கேட்டிருக்கீங்களா?"

நல்லையா கொப்பியைத் திறந்து பக்கம் பக்கமாகத் தேடினார். அது அதில் இல்லை. கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். வழியில் எதையும் நின்று பார்க்காமல் அவர் நடந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நத்தார் ஆராதனைக்குப் போதகர் வந்திருந்தார். சுந்தரம்மா எழுந்து நின்றாள். நல்லையா மெதுவாகத் தொடங்கினார். அவள் வாய் திறந்ததும் இரண்டு கையையும் டோலக்கிலிருந்து எடுத்தார். மடியில் வைத்தால் நிற்காது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். தொடைக்கு அடியில் செருகி, கைகளின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. சற்று நேரத்தில் கால் பெருவிரல் தாளம் போட ஆரம்பித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து கமலாட்சி ஒரு பார்வை பார்த்தாள். விரல் நின்றது.

பாட்டின் நடுவில் இரண்டாம் வரிசை வாங்கிலிருந்து, "கேட்குதுடி!" என்று ஒரு சத்தம். சுந்தரம்மாவின் அம்மா. போதகரும் சிரித்துவிட்டார். சுந்தரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பாடி முடித்தாள்.

அடுத்த ஞாயிறு பிரசங்கம் கையைப் பற்றி.

"அடுத்தவங்க குரல் கேட்கறதுக்காகக் கைய எடுக்கறதும் ஜெபந்தான். எனக்கு அது லேட்டாத்தான் விளங்குச்சு," என்றார். முதல் நிமிடத்திலேயே எங்கள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. மிச்சம் நாற்பத்தொன்பது நிமிடமும் அவர் விளக்கினார்.

பீலியில் நாங்கள் அலுத்துக்கொண்டபோது கமலாட்சி சொன்னாள்: "கையோட விட்டாரேன்னு சந்தோசப்படுங்க. கால் பெருவிரல் இன்னும் பாக்கி இருக்கு."