எங்காத்து ஃப்ரீசர்ல கோமளத்தோட முயல்

என் நாத்தனார் கோமளத்துக்குச் சமையல் வராது. ரசம் வெச்சான்னா தெளிவும் மண்டியும் ஒண்ணை ஒண்ணு முறைச்சுண்டு நிக்கும். ஆனா ஈஸ்டைப் பத்திக் கேட்டுட்டா போச்சு, வாய் மூடாது. எங்காம் மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பின்னாடி. அங்கேர்ந்து தினம் பஸ் பிடிச்சு, கிண்டிப் பக்கம் ஒரு லேபுக்குப் போய் ஆராய்ச்சி பண்ணிண்டிருந்தா. தொண்ணூத்தெட்டாம் வருஷம் அது.

"ஈஸ்டைப் பட்டினி போட்டா, தனக்குள்ள இருக்கறதையே தின்னு உயிர் பிழைச்சுக்கும் மன்னி. ஆட்டோஃபேஜின்னு பேர்."

"உங்கம்மா ஏகாதசியன்னிக்கு என் உயிரைத் திங்கற மாதிரியா?"

விழுந்து விழுந்து சிரிச்சா. அந்தச் சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

அப்படித் தன்னைத் தானே திங்கறதுக்கு ஈஸ்டுக்கு ஒரு புரோட்டீன் வேணுமாம். அதைக் கண்ணால பார்க்க ஆன்டிபாடி வேணுமாம். அந்தப் புரோட்டீனை முயலுக்கு ஊசியா போட்டா, அதைத் தேடிப் போய் ஒட்டிக்கற ஒண்ணு முயலோட ரத்தத்துல உண்டாகும், அதான் ஆன்டிபாடி. மாசக்கணக்கா ஊசி போட்டு, காதுலேர்ந்து ரத்தம் எடுத்து, மேல தெளிஞ்ச தண்ணியைக் குட்டிக் குட்டி ட்யூப்ல உறைய வெச்சிருந்தா. அப்புறம் முயல் செத்துடுத்து. அந்த ட்யூப் கெட்டா இன்னொரு முயல், இன்னொரு வருஷம். அவ ஃபெலோஷிப்போ அந்த வருஷத்தோட சரி. டாக்டர் பட்டமே அதுலதான் தொங்கிண்டிருந்தது.

மே மாசம் லேப் டிரான்ஸ்ஃபார்மர் புகைஞ்சு போச்சு. மத்த இடத்து ஃப்ரீசரெல்லாம் ரொம்பி வழியறதாம். ஃபிளாஸ்கைக் கட்டிண்டு ஆட்டோல வந்து இறங்கினா.

"மன்னி, நம்மாத்து ஃப்ரீசர்ல இடம் வேணும்."

"உங்கம்மாகிட்ட என்ன சொல்றது?"

"மருந்துன்னு சொல்லேன்."

என் மாமியார் ஜெயலக்ஷ்மிக்குக் காது பாம்புக் காது. பூஜை ரூம்லேர்ந்தே, "என்னடி மருந்து?"ன்னா. கோமளத்துக்கு அம்மா எதிர்ல பொய் வராது. முழுசா சொல்லித் தொலைச்சா.

"முயல் ரத்தமா? பாலும் தயிரும் இருக்கற எடத்துலயா? மடி ஆசாரமெல்லாம் எங்கடி போச்சு? டேய் வெங்கட்ரமணா, கேட்டியா?"

என் ஆத்துக்காரர் பேப்பருக்குள்ள ஒளிஞ்சுண்டார். நான்தான் சொன்னேன். "ரத்தமில்லை, அது தெளிவு. பாலையும் தயிரையும் வெளில வெச்சுடறேன். ஃப்ரிட்ஜ் முயலுக்கு." மே வெயில்ல பால் திரியும், தயிர் புளிக்கும். புளிச்சா புளிக்கட்டும்னு விட்டேன்.

மறுநாள் காலம்பற எங்க தெருவுலயும் கரண்ட் போச்சு. மத்தியானம் வரைக்கும் வரலை. ஃப்ரீசர்லேர்ந்து தண்ணி சொட்ட ஆரம்பிச்சுடுத்து. கோமளம் ட்யூபெல்லாம் மறுபடி ஃபிளாஸ்குல போட்டு மடியில வெச்சுண்டு தரையில உக்காந்துட்டா. அழக்கூட இல்லை. அதான் எனக்குத் தாங்கலை.

மார்க்கெட்டண்டை மீன் விக்கற ஜெசிந்தாகிட்ட ஓடினேன். காய் வாங்கப் போறப்போ தினம் வம்பளக்கற சிநேகம்.

"இன்னாம்மா, ஐயர் வூட்டம்மா மீன் வாங்க வந்துக்கீறே?"

"மீன் வேண்டாம். ஐஸ் குடு."

"ஐஸை நீ தூக்கினு போய்ட்டா நான் மீனை இன்னா பண்றது?"

"கருவாடு போடு."

"வாயப் பாரு!"ன்னு சிரிச்சுண்டே ஒரு தெர்மாகோல் பெட்டி நிறைய அள்ளிப் போட்டா. பெட்டி வஞ்சிர நாத்தம் நாறித்து. ரிக்‌ஷாக்காரன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

வாசல்லயே மாமியார் நின்னுண்டிருந்தா. மூக்கைப் புடவைத் தலைப்பால பொத்திண்டா. பெட்டியைப் பார்த்தா. கூடத்துல உக்காந்திருந்த பொண்ணைப் பார்த்தா. இன்னிக்கு ராமாயணம்தான்னு நான் பதிலெல்லாம் தயாரா வெச்சிருந்தேன்.

"வெயில்ல என்ன நின்னுண்டு? கரையறது பார், உள்ள கொண்டா"ன்னா.

தானே ஒரு பழைய கம்பளியை எடுத்துண்டு வந்து பெட்டியைச் சுத்தினா. அப்புறம் நேரா போய்த் தலைக்கு ஸ்நானம் பண்ணினா, அது வேற விஷயம். கரண்ட் சாயங்காலம்தான் வந்தது.

லேப் சரியாகி ட்யூபெல்லாம் திரும்பிப் போச்சு. அதெல்லாம் கெட்டுப் போச்சோன்னு ஒரு வாரம் கோமளம் சரியா சாப்பிடலை. ஒரு நாள், சோதிச்சுப் பார்த்ததோட ரிசல்ட்னு எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி ஒண்ணைத் தூக்கிண்டு ஓடி வந்தா. மாமியார் அதை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு அப்படியும் இப்படியும் திருப்பினா.

"ஒரே ஒரு கோடுதானேடி இருக்கு?"

"ஒண்ணே ஒண்ணுதாம்மா இருக்கணும். ஆன்டிபாடி கெடலை. அந்த ஒரு புரோட்டீனை மட்டும் பிடிச்சிருக்கு."

மாமியார் ஃபிலிமைப் பொண்ணுகிட்ட திருப்பிக் குடுத்தா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "அந்த மீன்காரிக்கு ஒரு டப்பா மைசூர்பாகு கொண்டு போய்க் குடு. நான் குடுத்தேன்னு சொல்ல வேண்டாம்"னா.

போன உடனே முதல்ல அதைத்தான் சொன்னேன்.