அக்காவும் நான்கு கட்டில் ஆஸ்பத்திரியும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் தெருவில். கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டு, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தார்.

பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டத்தில் எங்கள் பக்கம் வண்டி எதுவும் வர முடியாது. அக்கா வருவதற்கு முன்பு அப்படி ஒரு நாளில், பிரசவத்துக்குப் போன பக்கத்து வீட்டுப் பெண் வழியிலேயே குழந்தையைப் பறிகொடுத்தார். அதன் பிறகுதான் தெருக்காரர்கள் கூடி, நான்கு கட்டில் போட்டு ஓர் ஆஸ்பத்திரி கட்டினார்கள். வெளியூரிலிருந்து டாக்டரம்மாவும் வந்தார். காய்ச்சலுக்கு ஊசி போட எல்லோரும் போனோம். ஆனால் புதுக் கட்டிலில் முதலில் படுக்க ஒருவரும் வரவில்லை. ஆகாது என்ற பயம். இந்த மாதமும் பிரசவத்துக்கு யாரும் வராவிட்டால் ஊருக்கே திரும்பிவிடுவதாக டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

“நான் போறேன்” என்றார் அக்கா.

“ஆஸ்பத்திரிக்குப் போணி பண்ணப் போறவள இப்பதான்டி பாக்கறேன்” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

நானும், “வேணாம்கா. இப்பவே பெரியாஸ்பத்திரில போயி சேந்துக்கலாம்” என்றேன்.

“நான் அங்க போயிடுவேன்டா. அடுத்த பௌர்ணமிக்கு வலி எடுக்கறவ எங்க போவா?”

இரண்டு நாளில் வலி எடுத்தது. அக்கா தானே நடந்து போனார். அம்மா ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிட்டார். நான் வீட்டை விட்டே வரவில்லை. குழந்தை அழும் சத்தம் கேட்டுத்தான் அம்மா உள்ளே ஓடினாராம்.

மறுநாள் தெருப் பெண்கள் எட்டிப் பார்த்து, “ஒண்ணும் ஆவலையே?” என்று கேட்டார்கள்.

“ஆச்சே! மூணு கிலோ” என்றார் அக்கா.

அந்த மாதமே இன்னும் இரண்டு பிரசவம் நடந்தது. டாக்டரம்மா தங்கிவிட்டார்.

மாமா இளம் வயதிலேயே தவறியபின் அக்கா அம்மா வீட்டுக்கே திரும்பி, அந்த ஆஸ்பத்திரியிலேயே ஆயா வேலைக்குச் சேர்ந்து, மகனைப் படிக்க வைத்தார். வலியோடு வரும் பெண்களுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டு, பேச்சுக் கொடுத்தபடியே நடக்க வைப்பார். என் பிள்ளைகள் இருவரும் அவர் கையில்தான் முதலில் இருந்தார்கள்.

மூச்சுத் திணறலோடு கடைசி எட்டு நாட்கள் அக்கா அங்கேதான் இருந்தார். வேளை தவறாமல் கஞ்சி ஊட்டிய நர்ஸ் பெண்களுக்கும், முதிர்ந்த வயதிலும் தினமும் வந்து பார்த்த டாக்டரம்மாவுக்கும், எங்களோடு நின்ற தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி.

அந்த எட்டு நாளும் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சொல்ல நினைத்தது வாயில் வரவில்லை. உங்கள் எல்லோர் முன்னிலையிலும் இப்போது சொல்கிறேன். அக்கா, அன்றைக்கு நான் உங்கள் கூட வந்திருக்க வேண்டும்.