ஜன்னல் இல்லாத பிளான்

வீடு கட்டப் போகிறேன் என்று யாராவது பிளானைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து நின்றால், என்னால் உட்கார்ந்து பேச முடிவதில்லை. எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன். சொல்ல வேண்டியது எல்லாம் ஒரே சமயத்தில் வாய்க்கு வரும். முதலில் கிணற்றைத் தோண்டுங்கள், அப்புறம் அஸ்திவாரம். மண் எப்படிப்பட்டது என்று கிணறுதான் சொல்லும், கட்டுமானத் தண்ணீருக்கும் அலைய வேண்டாம். வெட்டுக்கல்லை வெட்டின சூட்டோடு சுவரில் ஏற்றாதீர்கள், கொஞ்ச நாள் வெளியில் கிடந்து இறுகட்டும். பச்சை மரத்தில் கதவு செய்தால் முதல் மழையிலேயே சாத்த வராது. வைகாசி நடுவில் பிடிக்கிற இடவப்பாதி மழைக்கு முன்னால் ஓடு ஏறவில்லையென்றால் அந்த வருஷம் சுவரை மறந்துவிடுங்கள். இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்பேன். "உங்கள் வீட்டில் பகலெல்லாம் யார் இருப்பார்கள்? அவர்களிடம் இந்த பிளானைக் காட்டினீர்களா?"

வந்தவர் அநேகமாக முழிப்பார். நானும் அப்படித்தான் முழித்தேன்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். நான் திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. குடியிருப்பு கரமனையில், அக்கிரகாரத்தில். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும்தான். தெருவில் வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கும். எங்கள் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். வெளிச்சம் என்றால் வாசலில் கொஞ்சம், கொல்லையில் கொஞ்சம், நடுவே முற்றத்தின் வழியாக மேலேயிருந்து இறங்குவது கொஞ்சம். நான் பிறந்து வளர்ந்தது அந்த வீட்டில். என் மனைவி பிறந்தது தெற்குத் தெருவில் இதே மாதிரி இன்னொரு வீட்டில்.

அவளுக்கு இழுப்பு. மழை பிடித்துவிட்டால் படுக்க முடியாது. தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். தூக்கம் என்று அதை நான் சொல்கிறேன். கண்ணை மூடியிருப்பாள், அவ்வளவுதான். அந்த வருஷம் ஐப்பசியில், துலா மழையில், இரண்டு முறை உதடு நீலமாகிவிட்டது. டாக்டர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். முற்றத்துச் சாரலில் ஊறிக் கிடந்த சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்த ஈரம் அவங்களுக்கு ஆகாது சார். நல்ல காத்து வேணும். இன்னும் ரெண்டு மழைக்காலம் இங்கேயே இருந்தா, நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லே" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த மழைக்குள் அவளை அந்த வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்தாக வேண்டும். காலில் கஞ்சியை ஊற்றிக்கொண்டவன் மாதிரி அலைந்து, பூஜப்புரைக்குப் பக்கத்தில் பத்து சென்ட் பூமி பார்த்து, எழுதி வாங்கினேன். மேட்டு நிலம். நாலு பக்கமும் ஒட்டின வீடு கிடையாது. தென்னையும் பலாவுமாக நின்றன. வடக்கே வேலிக்கு அப்பால் வீடும் கிணறுமாக ஒரு மலையாளக் குடும்பம், நல்ல மனிதர்கள்.

பிளானை நானே போட்டேன். ஆபீஸ் காகிதத்தின் பின்பக்கத்தில், ஸ்கேல் வைத்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். வாசல் அறை, அதற்குப் பின்னால் ரேழி, கூடம், படுக்கை அறை, அடுக்களை, கொல்லைத் தாழ்வாரம். முற்றத்தை எடுத்துவிட்டேன். ஈரம் ஆகாது என்று டாக்டர் சொன்னாரே! முற்றம் இருந்தால்தானே சாரல்? அதை அடைத்து ஓடு போட்டுவிட்டால் தீர்ந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டு பக்கச் சுவருக்கும் முன்னேயிருந்து பின்னே வரைக்கும் தடியாக ஒரே கோடு இழுத்தேன். கோடு ஒரு இடத்திலும் கோணவில்லை.

அந்தக் காகிதத்தை ஆசாரி கையில் கொடுத்தேன். ஐம்பது வயசு மனிதர், நெய்யாற்றின்கரைப் பக்கம். மரவேலை மட்டுமல்ல, கல்வேலைக்கு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். பிளானை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார்.

"சாமீ, சைடிலே ஒண்ணும் காணலியே. ஜன்னல் எவிடே?"

"வாசல்ல ரெண்டு இருக்கு, அடுக்களையிலே ஒண்ணு இருக்கு. பாரும்."

"தீவண்டிக்குக்கூட சைடிலே ஜன்னல் உண்டல்லோ, சாமி."

என் வீட்டை ரயிலோடு ஒப்பிட்டதில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வீட்டிலே இருக்கப்போறது நானா, நீரா? பிளான்ல என்ன இருக்கோ அதைக் கட்டினாப் போரும்" என்றேன். அவர் காகிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டார். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

இன்றைக்கு நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு இருக்கும் என்பது என் எலும்பில் ஊறியிருந்தது. பக்கச் சுவரில் ஜன்னல் வைப்பதென்றால் அடுத்தவன் கூடத்தில் போய்த் திறக்கும். அதனால் அந்த யோசனையே எனக்கு வந்ததில்லை. காலி நிலத்தின் நடுவில் நின்றுகொண்டு, இல்லாத இரண்டு வீடுகளுக்கு இடையில் என் வீட்டைக் கட்டினேன்.

விடிந்ததும் சைக்கிளில் பூஜப்புரை, அங்கிருந்து ஆபீஸ், சாயங்காலம் மறுபடி பூஜப்புரை. சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்க ஒரு நாள், சுண்ணாம்பு வரவில்லையென்று ஒரு நாள், ஓட்டு லாரி வழியில் நின்றுவிட்டதென்று ஒரு நாள். வேலைக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு இரண்டு வார்த்தை பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வானத்தைப் பார்ப்பேன், சுவரைப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்தால் அவள் மூச்சைக் காது கொடுத்துக் கேட்பேன். "என்ன ஆச்சு, எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று அவள் கேட்டால், "வந்துண்டே இருக்கு" என்று மட்டும் சொல்வேன். வண்டி வைத்து ஒரு நாள் அவளை அழைத்துப் போய்க் காட்டியிருக்கலாம். புழுதி ஆகாது என்று என் முடிவு.

சுவர் எழும்பினபோதும் எனக்கு உறைக்கவில்லை. காரணம் சொல்கிறேன், கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். கூரை இல்லாத வீட்டில் எல்லா அறையும் வெளிச்சமாகத்தான் இருக்கும். படுக்கை அறையில் உச்சி வெயில் சுளீரென்று அடித்தது. தென்னங்காற்று மேலேயிருந்து இறங்கியது. நான் அங்கே நின்று, இவள் கட்டிலை எந்த மூலையில் போடலாம் என்று சந்தோஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

மேட மாசக் கடைசியில், சித்திரை முடிகிற சமயம், ஓடு ஏறியது. அன்றைக்கு ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தேன். படுக்கை அறை நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு வரிசை ஓடு மூடியது. அப்புறம் இன்னொரு வரிசை. வெளிச்சம் தரையில் பாய் அகலமாக இருந்தது, முழம் அகலமாயிற்று, கையளவு ஆயிற்று. கடைசி ஓடு மூடியதும் எதிரே என் கை எனக்குத் தெரியவில்லை. காற்று நின்றுவிட்டது. புதுச் சுண்ணாம்பும் ஈரக்கல்லும் சேர்ந்து ஒரு நெடி. எனக்கே நெஞ்சை அடைத்தது.

வெளியே ஓடிவந்து ஆசாரியிடம் கத்தினேன். "ஏன்யா சொல்லலே?"

"சொன்னேனே, சாமி" என்றார் அவர்.

கரமனை வீட்டின் முற்றத்தில் வானமாவது தெரிந்தது. காற்றுக்காகக் கட்டின வீட்டில் அதுவும் இல்லை. மழைக்குப் பதினைந்து நாள் இருந்தது. அடுத்த பதினைந்து நாளும் என் வாழ்க்கையில் நான் அடங்கிக் கிடந்த நாட்கள். ஆசாரி சொன்னபடி கேட்டேன். கூரைப் பாரம் ஏறின சுவரை உடைப்பது விளையாட்டல்ல. தென்னந்தடியால் உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள். ஜன்னல் வர வேண்டிய இடத்துக்கு மேலே முதலில் ஒரு வரிசைக் கல்லை உருவி, தாங்குகட்டையைச் செருகி, இடுக்கில் சிமெண்ட் அடைத்து, அது இறுகின பிறகு கீழே இருக்கிற கல்லை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அவசரப்பட்டுக் கீழேயிருந்து உடைத்தால் கூரை மொத்தமும் உட்கார்ந்துவிடும். யாருக்காவது இந்த நிலைமை வந்தால் இதை மட்டும் மறக்காதீர்கள். வடக்கே மூன்று, தெற்கே இரண்டு, ஆக ஐந்து ஜன்னல். கதவு ஆஞ்சிலிப் பலகையில், ஒவ்வொன்றுக்கும் ஆள் உயரத்தில் இரண்டிரண்டு.

இடவத்தில் குடிபோனோம். பால் காய்ச்சின மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து வந்தால், ஐந்து ஜன்னலும் சாத்தியிருந்தன. உள்ளே புழுக்கம். இவள் சுவரோரம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், தொண்டையில் அந்தச் சத்தம். மழைச் சாரலுக்குச் சாத்தியிருப்பாள் என்று நினைத்து எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். மறுநாளும் சாத்தியிருந்தன. அதற்கு மறுநாள் மழையே இல்லை, அன்றும் சாத்தியிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குப் பொறுமை போய்விட்டது. பாக்கி வேலைக்காக ஆசாரி வந்திருந்தார். "இந்தக் கதவையெல்லாம் கழட்டி எடும்" என்றேன். "கழட்டிக் கொண்டுபோய்ப் போட்டுடும். இருந்தாத்தானே சாத்துவா."

"ஏன்னா, கொஞ்சம் நில்லுங்கோ" என்றாள் என் மனைவி. எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை நின்று நின்றுதான் பேச்சு வந்தது. "வடக்கே இருக்கறவா கிணறு நேர் எதிர்க்க இருக்கு. ஆம்பளைகள் குளிக்கறா. தண்ணி எடுக்க வரவா, தெக்கே வழியிலே போறவா எல்லாரும் இங்கேதான் பாக்கறா. அவாளைக் குத்தம் சொல்லலே, பாவம், என்ன உடம்புக்குன்னு அனுதாபமாத்தான் பாக்கறா."

"பாத்தாப் பாக்கட்டும்! உனக்குக் காத்து வேண்டாமா?"

"வேணும். ஆனா இழுப்பு வந்தா நான் எப்படி இருப்பேன்னு உங்களுக்குத் தெரியும். வாயைப் பொளந்துண்டு, தலை விரிஞ்சு, மாராப்பு எங்கேன்னு தெரியாமே... கரமனையிலே அதை நாலு சுவர் பாத்தது, நீங்க பாத்தேள். இங்கே ஊரே பாக்கணுமாக்கும்? மூச்சு முட்டினாலும் பரவாயில்லேன்னுதான் சாத்தறேன்."

சுவரை உடைத்தேனே தவிர, அந்தச் சுவருக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள் அவளும்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை. அவள் உயிருக்காகக் கட்டுகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அஸ்திவாரத்திலிருந்து ஓடு வரைக்கும் ஒரு வார்த்தை அவளைக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. முதல் முறையாகக் கேட்டேன்.

"சரி. நீயே சொல்லு. என்ன பண்ணணும்?"

அவள் யோசிக்கவே இல்லை. எப்போதோ யோசித்து வைத்திருக்கிறாள். அடுக்களையிலிருந்து ஒரு கரித்துண்டு கொண்டுவரச் சொன்னாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஜன்னலிடம் போனாள். சாத்தியிருந்த கதவில், தன் தலைக்கு ஒரு சாண் மேலே, கரியால் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு இழுத்ததால் கோடு கோணலாக இருந்தது.

"இங்கே அறுக்கச் சொல்லுங்கோ. கீழே இருக்கறது சாத்தியே இருக்கட்டும். மேலே மட்டும் தொறந்துக்கலாம்."

ஆசாரி கோட்டைப் பார்த்தார். "அம்மா சொல்லுன்னது சரியாணு, சாமி" என்று சொல்லிவிட்டு, என் உத்தரவுக்குக் காத்திராமல் கதவை இறக்கித் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனார். படுக்கை அறையின் வடக்கு ஜன்னல் அது. இரண்டு கதவும் நாலு கதவாயின. புதுக் கீல் அடித்து மாட்ட ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அதற்குள் மழை வந்துவிட்டது. கீழ்க்கதவைச் சாத்தி, மேல்கதவை விரியத் திறந்தார். பலா இலை மணத்தோடு காற்று உள்ளே வந்து, உயரத்தில் சுற்றி, எங்கள் மேல் இறங்கியது. கிணறும் தெரியவில்லை, யாரும் தெரியவில்லை. கொஞ்சம் வானமும் மழையும் தெரிந்தன.

நான் ஆசாரியோடு தாழ்வாரத்துக்குப் போய், அடுத்த ஜன்னலுக்கு எவ்வளவு உயரம் என்று பேசிக்கொண்டிருந்தேன். இருட்டுவதற்குள் ஐந்தையும் முடித்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். அவளைக் கேட்டுக்கொண்டு வரலாமென்று உள்ளே போனேன்.

தலையணை சுவரோரம் அப்படியே கிடந்தது. அவள் ஜன்னலுக்குக் கீழே, வெறும் பாயில், மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தொண்டையில் சத்தம் இல்லை. நெஞ்சு மெதுவாக ஏறி இறங்கியது. மழை நாளில் அவள் நீட்டிப் படுத்து நான் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தாழ்வாரத்தில் ஆசாரி அடுத்த கதவில் ரம்பத்தை வைத்தார். அந்தச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார், ரம்பத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். நாலு ஜன்னல் அன்றைக்குப் பாக்கி நின்றுவிட்டது.