புளி போட்டுத் தேய்த்த வானம்

1. மாடிப்படியில் புளி வாசனை

அந்தச் சனிக்கிழமை யானைக்கவுனிக்குப் போய், படம் மாட்டுகிற கொக்கியும் கம்பியும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது மணி நான்கு. காசிமேட்டில் ஒரு ஐஸ் கடைக்குப் பின்சந்தில் என் ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஸ்டெல்லா அக்கா வீட்டு மாடியில் ஒரே ஒரு அறை, அவ்வளவுதான். படியில் கால் வைத்ததும் புளி வாசனை வந்தது. அக்கா மீன் குழம்பு வைக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டே மேலே ஏறினேன்.

அறை கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. என் ஆறடிப் படத்தின் மேல் ஒரு பழைய பெட்ஷீட் போர்த்தியிருந்தது. நான் போர்த்தவில்லை. பிடித்து இழுத்தேன். மூன்று மாதம் காத்திருந்து நான் கறுக்க வைத்த தாமிர வானம், இடது பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு, புதுச் செம்புக்குடம் போலப் பளபளவென்று மின்னியது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு கேலரி வண்டி வரப்போகிறது. திருவொற்றியூரில் இருபத்திரண்டு வருடம் டிராயிங் டீச்சராக இருந்துவிட்டு, ஐம்பத்தாறு வயதில் எனக்குக் கிடைத்த முதல் தனிக் கண்காட்சி. ஏழு படங்கள். அழைப்பிதழில் அச்சானது இந்தப் படம்தான். இது இல்லாவிட்டால் நடுச்சுவர் காலி.

"அக்கா, இன்னா பண்ணி வெச்சீங்க?" என்று படியிலிருந்தே கத்தினேன்.

ஸ்டெல்லா அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தார். அறுபத்துமூன்று வயது. வாரம் தவறாமல் சனிக்கிழமை மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஸ்டாண்டுகளைத் தேய்ப்பது அவர்தான்.

"நீதான டீச்சர் சொன்ன, கேலரி மேடம் வராங்கோ, ரூம் கலீஜா கீது, கொஞ்சம் க்ளீன் பண்ணி வெய்னு. தரைய தொடச்சேன், ஜன்னல தொடச்சேன். பாத்தா இவ்ளோ பெரிய செம்புத் தகடு பாசி புடிச்சி கெடக்குது. எனக்கே பேஜாரா பூட்ச்சி. கோயிலுக்கு கரைச்ச புளி மீதி இருந்துச்சி."

"அப்புறம் ஏன் பாதியில விட்டீங்க?"

"ஒரு எடத்துல செவப்பா தெரிஞ்சிது. பயந்துட்டேன். போர்த்திட்டு வந்துட்டேன்."

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அன்றைக்கு நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். "இது பாத்திரமா, பாத்திரமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. அக்கா கீழே போய்விட்டார்.

2. தாமிர இலை வேலை

இந்த வேலையைப் பழக நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தாமிர இலை, அதாவது தாளைவிட மெல்லிசாக அடித்த செம்பு, சின்னப் புத்தகமாக வரும். இலைக்கு இலை நடுவே மெல்லிய தாள் இருக்கும். பக்கத்தில் நின்று பேசினாலே பறந்துவிடும். அதனால் காலையில், கடல்காற்று ஆரம்பிப்பதற்கு முன்பு, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்க்க வியர்க்க ஒட்ட வேண்டும்.

அடியில் நான் பூசுவது ரெட் ஆக்ஸைடு. ஹார்பரில் படகுகளுக்கு அடிப்பார்களே, அதே பெயின்ட். பலகையும் படகு கட்டுகிறவர்கள் வாங்கும் ப்ளைவுட்தான். ரெட் ஆக்ஸைடு காய்ந்ததும் 'சைஸ்' என்கிற பசையைத் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விரல் முட்டியால் தொட்டு எடுத்தால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். கேட்டால் ஒட்டலாம். அதற்கு முன்னால் ஒட்டினால் இலை முழுகிவிடும், பிந்தினால் ஒட்டாது.

ஒட்டியதும் எல்லாரும் வார்னிஷ் அடிப்பார்கள், இலை கறுக்கக் கூடாது என்று. நான் அடிப்பதில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துவிடுவேன். எங்கள் உப்புக் காற்று மூன்றே மாதத்தில் தாமிரத்தைப் பழுப்பாக்கி, அங்கங்கே பச்சை பூக்க வைத்துவிடும். அது சம்பளம் கேட்காத அசிஸ்டென்ட். வேண்டிய நிறம் வந்த பிறகு வார்னிஷ் அடித்து நிறுத்த வேண்டும். அந்த வார்னிஷைத்தான் நான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். அடித்திருந்தால் புளி ஒன்றும் செய்திருக்காது. அக்கா மேல் பாய்ந்தபோது இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு கத்தினேன்.

படம் எண்ணூர் முகத்துவாரம். நெட்டுக்குப்பத்துக் கரையில் உட்கார்ந்து போட்ட ஸ்கெட்சிலிருந்து செய்தது. கீழே அக்ரிலிக்கில் தண்ணீர். அதில், அந்த ஊரில் துணி காயப்போட்ட கொடியில் வந்து படிகிற அனல்மின் சாம்பலைச் சேர்த்து வைத்துக் கலந்திருந்தேன். வலது ஓரத்தில் மின்நிலையச் சிம்னி. மேலே முழுக்கத் தாமிர வானம்.

3. ஞாயிற்றுக்கிழமை

விடிந்ததும் உட்கார்ந்தேன். வினிகரும் உப்பும் தடவி மறுபடி கறுக்க வைக்கப் பார்த்தேன். ஒரே நாளில் அது நடக்கிற காரியமா? திட்டுத் திட்டாக அழுக்குதான் வந்தது. அதைத் துடைத்தேன். சரி, மின்னுகிற பக்கத்தை மறைக்க முடியாவிட்டால் மற்ற பக்கத்தையும் கொஞ்சம் மின்ன வைத்துச் சமன் செய்யலாம் என்று நானே புளியைக் கரைத்தேன். சிம்னிக்குப் பக்கத்தில் நாலே தேய்ப்பு. உள்ளங்கை அகலத்துக்கு இலை பிய்ந்து ரெட் ஆக்ஸைடு பல்லைக் காட்டியது.

அழுகையே வந்துவிட்டது. கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்கா தேய்த்த பக்கத்தைக் கிட்டே போய்ப் பார்த்தேன். இரண்டடி அகலம். அவ்வளவு இடத்திலும் கிழிசல் ஒரு நகக்கண் அளவுதான். நான் நாலு தேய்ப்பில் செய்த நாசத்தை அவர் ஒரு மணி நேரம் தேய்த்தும் செய்யவில்லை.

கீழே போனேன். அக்கா மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்து, அடுப்புகூடப் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, நேத்து பேசினது தப்பு. வார்னிஷ் அடிக்காதது என் குத்தம். மன்னிச்சிடுங்க."

"சோறு துன்னியா?"

"இல்ல."

"நானும் துன்னல. இன்னா வோணும், சொல்லு."

"எப்படி கிழியாம தேய்ச்சீங்க?"

மேலே வந்து என் கைவேலையைப் பார்த்தார். "அய்ய, நீ கறி சட்டி தேய்க்கிற மாதிரி தேய்ச்சிக்கீற. கோயில் ஸ்டாண்டு இன்னா நெனச்ச? எல்லாம் கிலிட்டு. அழுத்தினா முலாம் பூடும். வெரல் படக்கூடாது டீச்சர், புளித்தண்ணிதான் படணும். தண்ணி வேல செய்யும், நீ சும்மா கூட போவணும்."

வானத்தில் வெளிச்சம் எங்கே வர வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தேன், மேலிருந்து சாய்வாக. அக்கா துணியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

"இன்னாக்கா?"

"முப்பது வருஷம் விடிகாத்தால ஹார்பர்ல மீன் ஏலத்துக்கு நின்னவ நானு. வெளிச்சம் மேலருந்தா வரும்? தண்ணி ஓரமா, அடில, கத்தி மாதிரி ஒரு கோடு வரும். அப்பறம்தான் மேல ஏறும். பொகக்கூண்டு பக்கம் கடைசிலதான் வரும்."

நான் டிராயிங் டீச்சர் இல்லையா, விட்டுக்கொடுப்பேனா? கால் மணி நேரம் வாதாடினேன். பிறகு சாக்பீஸை அழித்தேன்.

மதியம் வரை அக்கா தேய்த்தார். நான் ஈரத்துணியால் உடனுக்குடன் ஒற்றி எடுத்தேன். தண்ணீருக்கு மேலே மெல்லிய கோடு, அதன் மேல் இன்னொன்று, பிறகு இடது பக்கப் பளபளப்போடு கலக்கிற மாதிரி மங்கலாக ஒரு ஏற்றம். சிம்னிப் பக்கம் கறுப்பாகவே இருந்தது, என் கிழிசல் மட்டும் சிவப்பாக. இரண்டு மணிக்குக் கடல்காற்று வந்தபோது தள்ளி நின்று பார்த்தோம். எண்ணூரில் விடிந்துகொண்டிருந்தது. எனக்கு மகிழ்ச்சியில் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா, "சோத்த ஆக்கறேன், வா" என்று கீழே போனார்.

4. கேலரி மேடம்

திங்கட்கிழமை வண்டியோடு மேடமும் வந்தார். அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு படத்தையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"கார்டுல வேற மாதிரி இருக்கே?"

அக்கா புளி போட்டுத் தேய்த்த கதையை ஒளிக்காமல் சொன்னேன். அவர் படத்துக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

"வார்னிஷ் பண்ணிட்டீங்களா?"

"இன்னும் இல்ல மேடம்."

"முதல்ல பண்ணுங்க, வேற யாராவது தேய்க்கிறதுக்குள்ள. இந்தப் படத்துக்கு மட்டும் சாயந்திரம் வண்டி அனுப்பறேன். நடுச்சுவர் இதுக்குத்தான். சிம்னி பக்கத்துல அந்த நெருப்பு பிரமாதம்."

அது நான் கிழித்தது என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

5. புளி தானாக ஏறித் தேய்த்ததா

படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுகிற சீட்டுக்காக, என்னென்ன பொருள் என்று மேடம் போனில் கேட்டார். தாமிர இலை, அக்ரிலிக், சாம்பல், ரெட் ஆக்ஸைடு, புளி என்றேன். "புளியா?" என்று சிரித்துவிட்டு அதையும் போட்டார். நான் ஏதோ பெரிய நியாயம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

திறப்பு விழாவுக்கு ஸ்டெல்லா அக்கா கிறிஸ்துமஸ் பட்டுப்புடவையில் வந்தார். நேராக நடுச்சுவருக்குப் போய்ப் படத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார். சுற்றிலும் பத்துப் பேர் நின்றிருந்தார்கள்.

"புளி போட்டுக்கீற."

"ஆமாக்கா, போட்டேன்."

"புளி தானா ஏறி தேய்ச்சிதா?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கைப்பையில் தேடிப் பேனாவை எடுத்தேன். அச்சடித்த சீட்டில், என் பெயருக்குப் பக்கத்தில், மேடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, 'ஸ்டெல்லா' என்று எழுதினேன். அக்கா குனிந்து படித்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு படத்துக்குப் பக்கத்திலேயே நின்றார், அரங்கு மூடுகிற வரைக்கும். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும், "வெளிச்சம் எப்பவுமே அடிலருந்துதான் வரும்" என்று விளக்கினார்.

நான் கற்றது இதுதான். வார்னிஷைத் தள்ளிப் போடாதீர்கள். பொருளின் பெயரை எழுதினால் கையின் பெயரையும் எழுதுங்கள். முதலாவதை நான் இன்னும் ஒழுங்காகக் கற்கவில்லை. மாடிச் சாவி இப்போதும் ஸ்டெல்லா அக்காவிடம்தான் இருக்கிறது. வெளியே போகும்போது, "அக்கா, அந்தப் படம் இன்னும் முடியல" என்று எச்சரித்துவிட்டுப் போகிறேன்.

"முடியலன்னா கூப்புடு, புளி ஊற வெக்கிறேன்" என்கிறார்.