ஆர்லிஸ் மாமாவுக்குச் சேர வேண்டிய சேவல்

யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் என் அப்பா வெர்லின் எதற்கும் கையை நீட்டமாட்டார். சாப்பாட்டு மேசையில் இரண்டாவது பிஸ்கட் வேண்டுமென்றால், அம்மா அடுப்புப் பக்கம் திரும்பும்வரை காத்திருப்பார். அம்மா திரும்பிப் பார்க்கும்போது பிஸ்கட் பாதி தின்றாகியிருக்கும். நான் கல்லூரிக்குக் கிளம்பிய காலையிலும் அப்படித்தான். ஷூ கயிறு கட்டக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவருடைய பேனாக்கத்தி என் பைக்குள் கிடந்தது. அவரோ லாரியின் டயரைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

கூச்ச சுபாவம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது வேட்டையில் வந்த பழக்கம்.

மிசௌரியின் தெற்கு மலைகளில் ஏப்ரல் பிறந்தால் காட்டு வான்கோழிதான் பேச்சு. பெரும்பாலானவர்கள் துப்பாக்கி எடுப்பார்கள். வில் எடுக்கிற சிலரும் ஒரு சின்னக் கூடாரத்துக்குள் ஒளிந்துகொள்வார்கள். அப்பாவுக்கு இரண்டும் ஆகாது. அகலமான ஓக் மரமாகப் பார்த்து முதுகைச் சாய்த்து, மடியில் வில்லோடு வெறும் தரையில் உட்காருவார். வான்கோழிக்குக் கண்தான் எல்லாம். இமை அசைந்தாலும் ஓடிவிடும். ஆனால் நாண் இழுக்காமல் அம்பு விட முடியாதே. அதற்கு ஒரே வழிதான் உண்டு. நாம் எதிரே நட்டு வைத்த பொம்மைப் பெட்டையைக் கண்டதும் சேவல் வாலை விசிறிபோல் விரித்துச் சுற்றி வரும். நமக்கு முதுகு காட்டும்போது அந்த விசிறி அதன் தலையை மறைக்கும். இரண்டு மூச்சு நேரம். அதற்குள் இழுத்துவிட வேண்டும்.

முப்பது வருடம் பீப்பாய்ப் பலகை ஆலையில் மரம் அறுத்தவர் அப்பா. அந்த இரண்டு மூச்சு நேரத்துக்காகத்தான் மற்ற நாளெல்லாம் உழைத்தார் என்று சில சமயம் தோன்றும். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். எதற்கும் காரணம் தேடும் வியாதி கல்லூரியில் ஒட்டிக்கொண்டது.

ஆர்லிஸ் மாமா அம்மாவின் அண்ணன். அப்பாவின் ஒரே வேட்டைத் துணை. நான் பட்டம் வாங்கிய வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் அவருக்கு வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் வில்லை இழுப்பார். ஆனால் மெதுவாக, கை நடுங்க.

"படிச்ச புள்ள சம்பாதிக்கிற, எனக்கு ஒரு கூடாரம் வாங்கிக் குடேன் கோரா" என்று விளையாட்டாகக் கேட்டார். முதல் சம்பளத்தில் வாங்கிவிட்டேன். அவருக்காக வாங்கினேனா, சம்பளம் வாங்குகிறேன் என்று காட்டவா? இன்றுவரை தெரியவில்லை.

அந்த ஏப்ரல் விடியலில் மூவரும் போனோம். கூடாரம் பெட்டியோடு லாரியின் பின்னால் இருந்தது. அப்பா அதைப் பார்த்தார்.

"என்ன மச்சான், சர்க்கஸ் போடப் போறோமா?"

"தோளு சரியில்ல மாப்பிள்ள. உள்ள உக்காந்தா நான் இழுக்கறது அதுக்குத் தெரியாது."

"டவுன்ல இருந்து வர்றவன்தான் அதுக்குள்ள உக்காந்து சிப்ஸ் திம்பான். அதுக்குக் கோழிப்பண்ணைக்கே போயிடலாமே. கூண்டு தொறந்திருக்கும்."

மாமா சிரித்தார். சிரித்தபடியே, பெட்டியை எடுக்காமல், லாரியின் பின்கதவை மூடினார். "எடுத்துட்டே போலாம் மாமா" என்று நான் சொல்லியிருக்கலாம். பெட்டிக்கு ஆறடி தூரத்தில்தான் நின்றேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கூப்பிடுவார், ஒருவர் எய்வார். கூப்பிடுகிறவர் கையில் வில் இருக்கலாம்; ஆனால் பறவை முன்னால் உட்கார்ந்தவருக்குத்தான். அன்று மாமாவின் முறை. அவர் முன்னால் ஒரு மரத்தடியில். இடப்பக்கம், சற்றுப் பின்னால், அடுத்த மரத்தடியில் அப்பாவும் நானும். அப்பா வாய்க்குள் ரப்பர் ஊதலை வைத்துப் பெட்டைபோல் மெல்லக் கூவினார். சரிவிலிருந்து சேவல் பதில் கொடுத்தது.

இவ்வளவு பெரிய சேவலை நான் பார்த்ததில்லை. பொம்மையிடம் வந்து வாலை விரித்தது. திரும்பியது. மாமா இழுக்கத் தொடங்கினார். பாதியில் தோள் நின்றுவிட்டது. சேவல் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் வில்லை மடியில் இறக்கிவிட்டார். மறுபடி விசிறி மறைத்தது. மறுபடி பாதி. அவருடைய தொப்பியின் ஓரம் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. சேவலுக்கும் ஏதோ தெரிந்துவிட்டது. கழுத்தை நீட்டியது, இரண்டடி விலகியது, கடைசியாக ஒருமுறை விரித்துத் திரும்பியது.

என் காதருகே நாண் அதிர்ந்தது.

சேவல் விழுந்து சிறகடித்து அடங்கியது. மாமா எழுந்து அதனிடம் போனார். அம்பின் இறகைப் பார்த்தார். அப்பாவின் அம்புகளுக்கு மஞ்சள் இறகு.

"யாரோட பறவை மாப்பிள்ள?"

அப்பா பறவையையே பார்த்துக்கொண்டிருந்தார். "போயிரும்னு நெனச்சேன்."

"போகட்டுமே. என் பறவைதானே? என்கிட்டருந்துதானே போயிருக்கும்?"

"அடுத்த வருசம் உனக்கு ஒண்ணு கூப்பிட்டுத் தர்றேன் மச்சான். சத்தியமா."

"கூடாரத்தோடவா, கூடாரம் இல்லாமலா?"

அப்பா மன்னிப்புக் கேட்கவில்லை. மாமா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அப்பாவால் எதுவும் செய்ய முடியாது.

அடுத்த ஏப்ரலில் மழை என்றார். அதற்கடுத்த ஏப்ரலில் ஆலையில் விடுமுறை இல்லை என்றார். அந்த இரண்டு வருடமும், மாமா ஊருக்குள் போயிருக்கும் நேரம் பார்த்து அவர் வீட்டு வாசலில் பிளந்த விறகைக் கொண்டுபோய் அடுக்கிவிட்டு வந்தார். ஒருமுறை மாமா என்னிடம் சொன்னார்: "வெறகு வந்துச்சு. பறவைதான் வரல." போய் அப்பாவிடம் சொல் என்று அர்த்தம். நான் சொல்லவில்லை. பெரியவர்கள் தாங்களே பேசிக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது வருடம் பிப்ரவரியில், ஆலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அப்பாவின் இதயம் நின்றுவிட்டது.

இந்த ஏப்ரலில், அப்பாவின் லாரியிலேயே கிடந்த அந்தக் கூடாரப் பெட்டியை மாமா வீட்டுக்கு எடுத்துப்போனேன். அப்பாவின் ரப்பர் ஊதல் ஒன்றையும். இரண்டு மாதம் பழகியிருந்தேன். சமையலறையில் கூவிக் காட்டினேன்.

"இதுக்குக் கோழி வராது கண்ணு. எலி வேணா ஓடும்" என்று சிரித்தார்.

"இன்னும் பழகறேன் மாமா. நான் கூப்பிட்டுத் தர்றேன். அப்பாவுக்குப் பதிலா."

சிரிப்பு நின்றது. பெட்டியைத் திறக்காமலே என் பக்கம் தள்ளினார்.

"அது உன் கடன் இல்ல கோரா. அவன் வாங்கின கடன், அவன் பேர்லயே இருக்கட்டும்."

காபி ஊற்றப் போனார். அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இந்த வருடத்து வேட்டை அனுமதிச் சீட்டு, காந்தத்தின் கீழ், மடிக்காமல் இருந்தது. அதன் அடியில் போன வருடத்துச் சீட்டு. அதற்கும் அடியில் இன்னும் இரண்டு. அடித்த பறவையைக் குறிக்கும் இடம் நான்கிலும் காலியாக இருந்தது.