அரசாங்கத்தின் பக்கம் நின்ற அப்பா

அந்தத் தலைவரின் அரசியல் வாழ்க்கையை மற்றவர்கள் தேர்தல்களை வைத்துச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அண்ணனை வைத்துத்தான் சொல்வோம். அவர் நாட்டின் தலைமைக்கு வந்தபோது அண்ணன் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். யுத்தம் கடுமையாக நடந்த நாட்களில், கடையிலிருந்து அறைக்குத் திரும்பும் வழியில் அவனை யாரோ ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. யுத்தம் முடிந்து எங்கள் மலைப்பக்கத்து ஹட்டன் டவுனில் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்த அன்று, "சண்ட முடிஞ்சிருச்சுல்ல, இனி விட்ருவாங்க" என்று அம்மா சொன்னாள். விடவில்லை. தலைவர் தோற்று வீட்டுக்குப் போன வருடம் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

நாங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள், வடக்கில் நடக்கும் சண்டைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் அதுவரை நம்பியிருந்தோம். அடையாள அட்டையில் இருக்கிற தமிழ்ப் பெயர் எந்த மலையில் பிறந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அப்பாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. "கேக்கணும்னா அரசாங்கத்து பக்கம் நின்னுதான் கேக்கணும். எதுத்தாப்ல நின்னு கத்துனா எவன் காது குடுப்பான்?" என்பார். மலையில் எல்லோரும் போடுகிற கணக்குதான் அது. ரோட்டுக்குக் கேட்பதும் கூரைத் தகரத்துக்குக் கேட்பதும் அப்படித்தான். அப்பா மகனையும் அப்படியே கேட்கப் பார்த்தார். ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்கள் வரிசை வீடுகளான லயங்களில் ஏறி இறங்கி அந்தத் தலைவருக்கு வாக்குக் கேட்டார். அவர் தோற்றபோது மற்றவர்கள் சட்டையை மாற்றுவதுபோல் கட்சியை மாற்றிக்கொண்டார்கள், அப்பா மாற்றவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சண்டை போட்டுப் பேசாமல் இருந்த மாதங்களும் உண்டு.

போன தேர்தலுக்கு அந்தத் தலைவர் தன் கட்சிக்காரர்களுக்கு ஆதரவு கேட்டு எங்கள் பக்கத்து அக்கரப்பத்தனைக்கு வந்தார். மாலை போடப் பழைய ஆள் ஒருவர் வேண்டும் என்று தேடியவர்கள், அப்பாவைத்தான் பிடித்தார்கள். அரசாங்கப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறவள் நான். அப்பா மேடையில் ஏதாவது சொல்லிவைத்தால், காவலுக்கு நிற்பவர்கள் கிழவர் என்று பார்ப்பார்களா? யாராவது போனில் படம் பிடித்துப் போட்டுவிட்டால், பஸ் போகாத மூலைக்கு என்னை மாற்றிவிட எவ்வளவு நேரமாகும்?

அன்று காலை அப்பா பிளேன்டீயைக்கூடக் குடிக்கவில்லை. வெள்ளைச் சட்டையின் பொத்தானை இரண்டு தடவை மாற்றி மாட்டினார். நான்தான் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டேன்.

"மாலையப் போட்டுட்டு பேசாம எறங்கி வந்துருங்கப்பா."

"நான் என்ன சின்னப் புள்ளயா?"

அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மேடைக்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். தலைவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் படியேற்றினார்கள். சுவரொட்டிகளில் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றவர் இவர்தானா என்று இருந்தது. அப்பாவைப் போலவே அவருக்கும் முழங்கால் மடங்கவில்லை. ஒரு நொடி பாவமாக இருந்தது, அப்படி இருந்ததற்காக என்மீதே கோபமும் வந்தது.

அப்பா மாலையைப் போட்டார். தலைவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பழகிவைத்திருந்த தமிழில் கேட்டார்: "ஐயா சுகமா? எத்தன பிள்ளைகள்?"

"ரெண்டுங்க."

"ரெண்டும் நல்லா இருக்கா?"

அப்பா என் பக்கம் கையைக் காட்டினார். "மக அந்தா நிக்குதுங்க. மகன் எங்க இருக்கான்னு நீங்கதாங்க சொல்லணும்." குரலை உயர்த்தவில்லை. மழை வருமா என்று கேட்பதுபோல்தான் கேட்டார்.

தலைவருக்குத் தெரிந்த தமிழ் அதோடு முடிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அவன் எங்கள் பக்கத்துப் பையன்தான். முகம் வெளுத்துப்போய்ச் சிங்களத்தில் சொன்னான்: "இரண்டு பேரும் நல்லா இருக்கிறார்களாம் சேர்."

தலைவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். அப்பாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். பிடித்திருந்த தலைவரின் கையை விடாமல் என்னைப் பார்த்தார். காவலர் ஒருவர் அவர் தோளில் கைவைத்து நகரச் சொன்னார்.

காலையிலிருந்து அவர் வாயைத் திறந்துவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவள் நான். "அப்பா அப்படிச் சொல்லவில்லை சேர்," என்று சிங்களத்தில் சொன்னேன். காவலர்கள் என் பக்கம் திரும்பினார்கள். "அண்ணனைத்தான் கேட்கிறார்."

"யார் அண்ணன்?" என்றார் தலைவர்.

நான் அவன் பெயரைச் சொன்னேன். வீட்டுக்கு வெளியே அந்தப் பெயரை அவ்வளவு சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.